பெயரற்ற கருவிகளின் வரலாறு: பழைய இராணுவ ஒலித்தணிப்பான்களை இனங்காணலும் பாதுகாப்பாக ஆய்தலும் (1909–1968)

ஆய்வுச் சுருக்கம்

துப்பாக்கியின் வெடியோசையைக் குறைக்கும் கருவி 1909இல் அமெரிக்காவில் ஒரு வணிகப் பொருளாக, தயாரிப்பாளரின் பெயர் பொறிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அதே கருவி, தன்னை உருவாக்கியவர் யார் என்பதையே மறைக்கும் வகையில் செய்யப்பட்டது. இம்மாற்றம் இன்றைய அருங்காட்சியகங்களுக்கும் படைக்கல வரலாற்றாளர்களுக்கும் ஒரு சான்றுச் சிக்கலை விட்டுச் சென்றுள்ளது. பொறிப்பு இல்லாத ஒரு பொருளை எவ்வாறு இனங்காண்பது? அதன் உட்புறத்தில்தான் சான்று இருக்கிறது என்றால், அதைச் சிதைக்காமலும் ஆய்வாளருக்குத் தீங்கு நேராமலும் எவ்வாறு ஆய்வது? வடிவம், தேய்மானம், ஆவணம் ஆகிய மூன்று சான்றுகளை ஒப்பிட்டு இக்கட்டுரை இவ்வினாக்களை ஆராய்கிறது. பாதுகாப்பு விதிகளும் சான்றுக் காப்பு விதிகளும் பெரும்பாலும் ஒன்றே என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: ஒலித்தணிப்பான், படைக்கல வரலாறு, வெல்ராட், டி லைல், மாக்சிம், பொருள்சார் சான்று, அருங்காட்சியகவியல்

1. முன்னுரை

வரலாற்றாய்வில் கல்வெட்டும் நாணயமும் தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்ளும் சான்றுகள். அரசன் பெயரோ ஆட்சியாண்டோ சின்னமோ அவற்றில் இருக்கும். படைக்கலன்களும் பெரும்பாலும் இவ்வகையினவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியப் படைக்குச் செய்யப்பட்ட லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் கட்டைப்பிடி வளையத்தில் முடிச்சின்னம், ஆலையின் பெயர், ஆண்டு, வகை ஆகியன வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இத்தகைய பொருளைப் பட்டியலிடுவது கடினமன்று.

தன்னைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது என்ற கட்டளையுடன் செய்யப்பட்ட பொருளின் நிலை வேறு. மறைமுகப் போருக்கென உருவாக்கப்பட்ட ஒலித்தணிப்பான்கள் இப்பிரிவைச் சேர்ந்தவை. போர் முடிந்தபின் இவற்றுள் பல அழிக்கப்பட்டன. சில படைக்கலக் கிடங்குகளில் தங்கின. சில போர்வீரர்களின் பெட்டிகளில் வீடு சேர்ந்தன. முதியவர் ஒருவரின் மறைவுக்குப் பின் பரணிலிருந்து எடுக்கப்படும் ஓர் இரும்புக் குழல் வரலாற்றுச் சான்றாகலாம். தோட்டா ஏற்றப்பட்ட ஆயுதமாகவும் இருக்கலாம். பின்னாளில் செய்யப்பட்ட போலியாகவும் இருக்கலாம். இம்மூன்றையும் வேறுபடுத்தும் முறையே இக்கட்டுரையின் பொருள்.

2. கலைச்சொல் பற்றிய குறிப்பு

இக்கருவிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சைலன்சர்’ என்ற சொல் அதன் முதல் வணிக உற்பத்தியாளர் சூட்டிய விற்பனைப் பெயராகும். தமிழகத்தில் அச்சொல் மோட்டார் வண்டியின் புகைக்குழாயில் உள்ள உறுப்பையே குறிக்கிறது. இது தற்செயலான ஒற்றுமையன்று. மாக்சிம் நிறுவனம் பின்னாளில் பொறிகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் வேண்டிய ஓசைக் குறைப்பு உறுப்புகளைச் செய்வதில் ஈடுபட்டது. இரு கருவிகளுக்கும் அடிப்படைக் கருத்து ஒன்றே. விரைந்து வெளியேறும் வளிமத்தை ஓர் அடைப்புக்குள் தடுத்து, விரியச் செய்து, குளிரச் செய்து மெதுவாக வெளிவிடுவதே அது.

‘ஒலியடக்கி’ என்ற தமிழாக்கமும் வழக்கில் உள்ளது. எனினும் ஓசை முற்றாக அடங்குவதில்லை. துப்பாக்கி சுடும்போது எழும் ஓசைக்கு மூன்று ஊற்றுகள் உண்டு. ஒன்று, குழல்வாயிலிருந்து வெடித்து வெளியேறும் வளிமம். இரண்டு, ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறக்கும் குண்டு காற்றில் எழுப்பும் அதிர்வு. மூன்று, துப்பாக்கியின் இயங்குறுப்புகள் மோதும் ஓசை. குழல்வாயில் பொருத்தும் கருவி முதலாவதை மட்டுமே தணிக்கும். ஆகவே ‘ஒலித்தணிப்பான்’ என்ற சொல்லே இங்கு ஆளப்படுகிறது. இந்த மூவகைப் பாகுபாடு பின்வரும் பகுதிகளில் இனங்காணும் கருவியாகவும் பயன்படும். மற்ற இரு ஓசைகளையும் குறைக்க வடிவமைப்பாளர் என்ன செய்தார் என்பது அப்பொருள் எப்பணிக்கு உருவானது என்பதைக் காட்டிவிடும்.

3. பெயருடன் பிறந்த கருவி: மாக்சிம், 1909

எந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிமின் மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் (1869–1936). தந்தையின் கண்டுபிடிப்பு போர்க்களத்தின் ஓசையைப் பெருக்கியது; மகனின் கண்டுபிடிப்பு அதைக் குறைக்க முயன்றது. 1909 மார்ச் 30 அன்று இவருக்கு அமெரிக்கக் காப்புரிமை எண் 916,885 வழங்கப்பட்டது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் இவருடைய நிறுவனம் இயங்கியது. வேட்டையாடுவோருக்கும் இலக்குப் பயிற்சி செய்வோருக்கும் இக்கருவி வெளிப்படையாக விற்கப்பட்டது. அமெரிக்கத் தரைப்படையும் எம்1903 ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியில் இதைப் பொருத்திச் சோதித்தது.

இக்காலக் கருவிகளை இனங்காண்பது ஒப்பீட்டளவில் எளிது. நிறுவனப் பெயரும் காப்புரிமை நாளும் உடலில் பொறிக்கப்பட்டன. வடிவமும் தனித்தன்மை உடையது. 1910ஆம் ஆண்டு மாதிரியில் குண்டு செல்லும் துளை உருளையின் நடுவில் இல்லை, மேற்புறமாக ஒதுங்கியிருக்கும். உருளையின் பெரும்பகுதி குழலுக்குக் கீழே தொங்குவதால் குறிபார்க்கும் கோடு மறைவதில்லை. இந்த ஒதுங்கிய துளையே பல வேளைகளில் முதல் அடையாளம்.

பொருளே தன் பெயரைச் சொன்ன இக்காலத்தை 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் முடித்து வைத்தது. அமெரிக்கக் காங்கிரசில் நிகழ்ந்த விவாதங்கள் பெரும்பாலும் எந்திரத் துப்பாக்கியையும் கைத்துப்பாக்கியையும் சுற்றியே அமைந்தன. ஒலித்தணிப்பான் பற்றிய பேச்சு மிகக் குறைவு. இருப்பினும் சட்டம் அதையும் உள்ளடக்கி, கைமாற்றத்துக்கு 200 டாலர் வரி விதித்தது. சிறு துப்பாக்கிகளுக்கான மாக்சிம் கருவி பத்து டாலருக்கும் குறைவான விலையில் விற்ற பொருள். வரி விலையைப் பன்மடங்கு மிஞ்சியதால் பொதுச்சந்தை சுருங்கியது. அதே சட்டம் பதிவேடு ஒன்றையும் தோற்றுவித்தது. அதுமுதல் இக்கருவியின் அடையாளம் உலோகத்தைவிடக் காகிதத்தைச் சார்ந்ததாயிற்று.

4. பெயர் நீக்கப்பட்ட கருவி: 1940–1945

பிரித்தானியா 1940இல் நிறுவிய சிறப்பு நடவடிக்கை நிர்வாகம், எதிரி கைப்பற்றிய நாடுகளில் நாசவேலைகளை ஒருங்கிணைத்தது. வெல்வின் நகருக்கு அருகில் ‘தி ஃப்ரித்’ என்ற மாளிகையில் அமைந்த ஒன்பதாம் நிலையம் அதன் ஆய்வுக்கூடம். அங்கு உருவான கருவிகளின் பெயர்கள் ‘வெல்’ என்று தொடங்கின: வெல்ராட், வெல்பைக், வெல்மேன். பிறந்த இடம் பெயரில் ஒளிந்திருந்தது. ஆனால் அப்பெயர் பொருளின்மேல் பொறிக்கப்படவில்லை.

வெல்ராட் கைத்துப்பாக்கியில் வரிசை எண்ணும் சில குறிகளும் உண்டு. தயாரிப்பாளர் பெயரோ நாட்டின் பெயரோ இல்லை. குழலும் ஒலித்தணிப்பானும் ஒரே நீள் உருளைக்குள் அடங்கியவை. தோட்டாப் பெட்டியே கைப்பிடியாகவும் அமைந்தது. அதைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பைப் போன்ற ஒரு குழல். ஒவ்வொரு முறையும் பின்புறக் குமிழைக் கையால் திருகி இழுத்தே அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். இயங்குறுப்புகளின் ஓசையைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடு இது. வேகமாகச் சுடும் திறனை வடிவமைப்பாளர்கள் முற்றிலும் கைவிட்டதிலிருந்தே, இது போர்க்களத்துக்கு உரியதன்று, மிக அருகிலிருந்து ஒருவரைக் கொல்வதற்கு உரியது என்பது தெளிவாகிறது.

டி லைல் கார்பைன் வேறொரு வகை. வில்லியம் காட்ஃப்ரே டி லைல் வடிவமைத்த இத்துப்பாக்கி, லீ-என்ஃபீல்டின் உடற்பகுதியில் அமெரிக்க .45 தோட்டாவுக்கான குழலைப் பொருத்தி உருவாக்கப்பட்டது. அத்தோட்டாவின் குண்டு இயல்பாகவே ஒலியின் வேகத்துக்குக் கீழே பறப்பது. எனவே காற்றதிர்வு ஓசை எழுவதில்லை. ஏறத்தாழ 130 மட்டுமே செய்யப்பட்டன. பட்டியலிடுவோர் இங்கு எளிதில் தவறிழைக்கக்கூடும். உடற்பகுதி பழைய துப்பாக்கியினுடையது என்பதால், அதன் வளையத்தில் காணப்படும் ஆண்டு அப்பழைய துப்பாக்கி செய்யப்பட்ட ஆண்டே. அதை ஒலித்தணிப்பானின் ஆண்டாகக் கொண்டால், டி லைல் உருவாவதற்கு முன்பே ஒரு டி லைல் இருந்ததாக முடியும். பழைய கோயில் தூணைப் பின்னாளைய மண்டபத்தில் மீளப் பயன்படுத்தியிருந்தால், தூணின் கல்வெட்டைக் கொண்டு மண்டபத்தின் காலத்தைக் கணிக்கக்கூடாது என்பதற்கு ஒப்பானது இது.

ஸ்டென் துணை எந்திரத் துப்பாக்கியின் இரண்டாம் வகையிலும் ஒலித்தணிப்பான் இணைந்த வடிவம் ஒன்று செய்யப்பட்டது. சுடும்போது உருளை சூடேறுவதால் கையைக் காக்க அதன்மேல் கித்தான் உறை சுற்றப்பட்டது. தொடர்ந்து சுட்டால் உள்தகடுகள் விரைவில் பழுதாகும் என்பதால் ஒவ்வொன்றாகச் சுடுமாறு அறிவுறுத்தப்பட்டது.

அமெரிக்காவில் 1942இல் அமைந்த போர்த்தந்திர சேவை அலுவலகம், ஹை ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் .22 கைத்துப்பாக்கியில் கம்பிவலைச் சுருள்கள் நிரப்பிய ஒலித்தணிப்பானை இணைத்து ‘எச்டிஎம்’ என்ற வடிவத்தைப் பெற்றது. இதன் ஆயுட்காலம் போருடன் முடியவில்லை. 1960 மே 1 அன்று சோவியத் வான்வெளியில் வீழ்த்தப்பட்ட யூ-2 விமானத்தின் ஓட்டுநர் பிரான்சிஸ் கேரி பவர்சிடமிருந்து கைப்பற்றப்பட்ட பொருள்களுள் இவ்வகைத் துப்பாக்கியும் ஒன்று. மறைவுக்கெனச் செய்யப்பட்ட கருவி, மறைவான பணி ஒன்றின் சான்றாக மாஸ்கோவில் உலகின் முன் வைக்கப்பட்டது.

சோவியத் ஒன்றியத்தின் ‘பிராமித்’ கருவி மித்தின் உடன்பிறப்புகளின் பெயரால் வழங்குவது. நாகாந்த் சுழல் துப்பாக்கிக்கும் மோசின் நீள் துப்பாக்கிக்கும் இது செய்யப்பட்டது. சுழல் துப்பாக்கிகளில் பொதுவாக உருளைக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளி வழியே வளிமம் கசியும்; அதனால் ஒலித்தணிப்பான் பயன் தராது. நாகாந்தில் சுடுமுன் உருளை முன்னகர்ந்து அவ்விடைவெளியை அடைத்துவிடும். ஆகவே சாதாரணச் சுழல் துப்பாக்கியுடன் சேர்த்துக் காட்டப்படும் ‘போர்க்கால’ ஒலித்தணிப்பான் ஐயத்துக்குரியது.

5. தேய்மானம் என்னும் சான்று

வெல்ராட், பிராமித் போன்றவற்றின் உள்ளே ரப்பர் வட்டுகள் உண்டு. குண்டு அவற்றைத் துளைத்துச் செல்ல, பின்வரும் வளிமம் தடைபடும். ஒவ்வொரு சுடுதலும் வட்டை மேலும் கிழிக்கும். சில சுடுதல்களிலேயே பயன் குறையத் தொடங்கும். ஆகவே வட்டின் நிலை பொருளின் பயன்பாட்டு வரலாற்றைக் காட்டக்கூடியது. துளை விரிந்து ஓரம் கிழிந்த வட்டு சுடப்பட்டதைக் குறிக்கும். துளை சீராக இருந்து, மேற்பரப்பு மட்டும் இறுகி வெடித்திருந்தால், அது காற்றுபட்டு நாளடைவில் மூப்படைந்த ரப்பராகும்.

இச்சான்றுக்கும் எல்லை உண்டு. வட்டுகள் மாற்றத்தக்கவை. எனவே அவை கடைசியாக மாற்றப்பட்டதற்குப் பிந்திய வரலாற்றையே சொல்லும். அதற்கு முந்தியதைச் சொல்லா. வட்டு கிழியாமல் இருப்பதைக்கொண்டு அந்த ஆயுதம் ஒருபோதும் பயன்படுத்தப்படவில்லை என்று எழுதுவது சான்று தாங்காத முடிவு.

உள்ளே படிந்துள்ள கரியும் சான்றே. தோட்டாவின் எரியூட்டிக் கலவையும் குண்டின் உலோகமும் விட்டுச்செல்லும் ஈயம், ஆன்டிமனி, பேரியம், சில பழைய தோட்டாக்களில் பாதரசம் ஆகியவற்றின் விகிதம் எவ்வகைத் தோட்டா பயன்பட்டது என்பதற்குத் தடயம் தரக்கூடும். ‘துப்புரவு செய்யப்பட்ட’ கருவியில் இத்தடயம் இல்லை. விற்பனைக்காகப் பளபளப்பாக்கப்பட்ட பொருள், ஓலைச்சுவடியின் எழுத்தைச் சுரண்டிவிட்டு ஓலையைப் பாதுகாத்தது போன்றது.

6. பாதுகாப்பான ஆய்வு

முதல் விதி, எக்கருவியையும் தோட்டா ஏற்றப்பட்டதாகவே கொள்வது. ஒலித்தணிப்பான்களைப் பொறுத்தவரை இதற்குத் தனிக் காரணம் உண்டு. குழல்வாயில் திருகிப் பொருத்தும் மாக்சிம் வகை, துப்பாக்கியிலிருந்து பிரிந்து தனிப்பொருளாகக் கிடைக்கலாம். வெல்ராடு, டி லைல், ஸ்டென் போன்றவற்றில் அது துப்பாக்கியின் பகுதியே. கைப்பிடி கழன்ற வெல்ராட் வெறும் குழலாகத் தோன்றினாலும் தோட்டா அறை அக்குழலுக்குள்ளேயே இருக்கிறது. தோட்டாப் பெட்டியை நீக்குவது அறையில் ஏற்கெனவே உள்ள தோட்டாவை நீக்காது. எனவே கண்டெடுத்தவர் பொருளை அசைக்காமல் காவல்துறைக்குத் தெரிவிப்பதும், தகுதிபெற்ற படைக்கல வல்லுநர் தோட்டா அறையைச் சோதித்துச் சான்றளித்த பின்னரே வரலாற்றாளர் அதைத் தொடுவதும் முறை.

இரண்டாவது, பிரிக்காமை. பல ஆண்டுகள் துருவும் கரியும் இறுகிய திருகுமரையை வலிந்து திறந்தால் தகடுகள் வளையும், வட்டுகள் நொறுங்கும், அவற்றின் வரிசை குலையும். எரியாத வெடிமருந்துத் துகள்கள் உள்ளே தங்கியிருக்கவும் கூடும். ஊடுகதிர்ப் படம் உள்ளமைப்பை மூடிய நிலையிலேயே காட்டும்; வெறுமையென உறுதிசெய்யப்பட்ட குழலில் மெல்லிய உள்நோக்கிக் கருவியைச் செலுத்தியும் பார்க்கலாம்.

மூன்றாவது, படிவுகளின் நச்சுத்தன்மை. ஈயமும் பாதரசமும் கலந்த தூசி உடலுக்குத் தீங்கானது. கையுறை, முகமூடி, காற்றோட்டம் ஆகியன தேவை. ஊதியோ உலர்தூரிகையால் தட்டியோ தூய்மை செய்தலாகாது. படிவின் மாதிரியை எடுத்துப் பதிவு செய்யும் முன் எதையும் துடைப்பதும் கூடாது.

நான்காவது, சுட்டுப் பார்க்காமை. திருகுமரை தேய்ந்தோ உருளை சிறிது வளைந்தோ இருந்தால் குண்டு உள்தகடுகளில் மோதிக் கருவி சிதறும். மோதாமல் சென்றாலும் எஞ்சிய வட்டுகள் அழிந்து, பொருளின் பழைய பயன்பாட்டின்மேல் புதிய தடயம் படிந்துவிடும்.

இந்நான்கு விதிகளும் ஆய்வாளரின் உயிரைக் காக்க எழுந்தவை போலத் தோன்றினும், ஒவ்வொன்றும் ஒரு சான்றையும் காக்கிறது. அறையைச் சோதித்தல் பொருளின் கடைசி நிலையைப் பதிவு செய்கிறது. பிரிக்காமை உள்ளமைப்பின் வரிசையைக் காக்கிறது. துடைக்காமை படிவைக் காக்கிறது. சுடாமை தேய்மானத்தைக் காக்கிறது.

7. சட்டமும் சான்றழிவும்

1968ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமுறை முக்கியமாகிறது. அவ்வாண்டு ஆகஸ்டில் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ஃபோர்டு படைக்கலச் சாலை ‘ஆர்-1896’ என்ற அறிக்கையில் ஒலித்தணிப்பான்களின் கொள்கைகளையும் மாதிரிகளையும் தொகுத்து மதிப்பிட்டது. பெயரின்றிச் செய்யப்பட்ட பொருள்களுக்கு ஓர் அரசு ஆவணம் பெயரளிக்கத் தொடங்கியது.

அதே ஆண்டில் நிறைவேறிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், நவம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்கப்பட்டது. போரிலிருந்து கொண்டுவந்த பதிவற்ற ஆயுதங்களையும் ஒலித்தணிப்பான்களையும் அந்த 30 நாள்களில் தண்டனையின்றிப் பதிவு செய்ய முடிந்தது. தவறவிட்ட தனியார் அதன்பின் அவற்றைப் பதிவுசெய்து வைத்திருக்க வழியில்லை. 2025இல் இயற்றப்பட்ட சட்டம் ஒலித்தணிப்பான்களுக்கான 200 டாலர் வரியை 2026 சனவரி 1 முதல் நீக்கியபோதும் பதிவுக் கடமை தொடர்கிறது. இதனால் ஒரே ஆலையில் செய்யப்பட்ட ஒரே வகையான இரு கருவிகளுள், ஒன்று காகிதம் இருப்பதால் வரலாற்றுப் பொருளாகவும் மற்றொன்று காகிதம் இல்லாததால் கடத்தல் பொருளாகவும் ஆகின்றன.

பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டின் துப்பாக்கி (திருத்தச்) சட்டம் செயலிழக்கச் செய்யப்பட்ட ஆயுதங்களுக்குச் சட்டநிலை அளித்தது. வெட்டியும் பற்றவைத்தும் மீண்டும் சுட இயலாதவாறு ஆக்கிய பின் சோதனைக்கூட முத்திரை இடப்படும். பொதுப் பாதுகாப்புக்கு இது தேவையே. ஆயினும் உள்ளமைப்பே சான்றாக உள்ள கருவியில் வெட்டும் பற்றவைப்பும் அச்சான்றையே தாக்குகின்றன. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் துப்பாக்கியின் ஓசையைக் குறைக்கும் துணைக்கருவியைத் ‘துப்பாக்கி’ என்ற வரையறைக்குள்ளேயே அடக்குகிறது. எனவே இங்கும் இத்தகைய பொருள் பழம்பொருள் என்ற பெயரில் உரிமமின்றி வைத்திருக்கத்தக்கதன்று.

இச்சூழலில் ஒப்பீட்டுத் தொகுப்புகளின் மதிப்பு உயர்கிறது. என்ஃபீல்டில் பேணப்பட்ட பிரித்தானிய மாதிரிக் கூடம், அங்குள்ள ஆலை 1988இல் மூடப்பட்டபின் நாட்டிங்காமுக்கும், 2005இல் லீட்சில் உள்ள அரச படைக்கல அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கும் மாறியது. ஐயத்துக்குரிய பொருளை இத்தகைய தொகுப்பிலுள்ள உறுதியான மாதிரியுடன் ஒப்பிடாமல் இனங்காணல் முழுமை பெறாது.

8. முடிவுரை

ஒலித்தணிப்பானின் அடையாளம் 1909இல் உலோகத்தின்மேல் இருந்தது. 1934இல் பதிவேட்டுக்கு நகர்ந்தது. 1940களில் கருவியின் உட்புறத்துக்குள் ஒதுங்கியது. எனவே எந்த ஒரு சான்றும் தனித்து நின்று ஒரு பொருளை நிறுவ முடியாது. பொறிப்பு, டி லைலில் போல, வேறொரு பொருளின் காலத்தைச் சொல்லலாம். தேய்மானம் கடைசிப் பயன்பாட்டை மட்டும் சொல்லலாம். ஆவணம் சட்டநிலையைச் சொல்லுமே தவிர உண்மைத்தன்மையை உறுதி செய்யாது. போரிலிருந்து தாத்தா கொண்டுவந்தார் என்ற குடும்ப நினைவு ஆய்வுக்குத் தொடக்கமாகலாம், முடிவாகாது. இவை ஒன்றையொன்று தாங்கும்போதே இனங்காணல் நம்பத்தக்கதாகிறது.

ஒப்படைக்கப்படும் கருவிகள் பெரும்பாலும் உருக்கப்படுகின்றன அல்லது வெட்டப்படுகின்றன. அதைத் தடுப்பது வரலாற்றாளரின் பணியன்று. பல வேளைகளில் தடுக்கவும் கூடாது. வல்லுநர் தோட்டா அறையைச் சோதித்ததற்கும் கருவி வெட்டப்படுவதற்கும் இடைப்பட்ட காலத்தில் அளவீடு, நிழற்படம், ஊடுகதிர்ப் படம், படிவு மாதிரி ஆகிய நான்கும் எடுக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் நடைமுறை. பெயரின்றிச் செய்யப்பட்ட இக்கருவிகளால் கொல்லப்பட்டவர்கள் பலரின் பெயர்களும் பதிவாகவில்லை. கருவியும் பதிவின்றி மறைந்தால் அச்செயல்களுக்கு எஞ்சிய பொருள்சார் சான்றும் இல்லாமற்போகும்.